கழுவிய கைகள்

அந்த வார்டில் வாசனை இல்லாத சோப்பைத்தான் வைத்திருந்தார்கள். மேலிடத்தோடு சண்டை போட்டு அதை வரவழைத்ததே அவள்தான். அப்படியிருக்க, கையைத் தேய்த்துக் கழுவி, காகிதத் துண்டால் ஒற்றித் துடைத்து, நழுவிய முகக்கவசத்தைத் தூக்கிவிட விரலை மூக்கருகே கொண்டுபோனபோது பழ வாசனை அடித்தது. திராட்சை. நன்றாகப் பழுத்து, அதையும் தாண்டி, தோல் வெடித்து நீர் கசியத் தொடங்கிய திராட்சை. விரலை மறுபடி முகர்ந்து பார்த்தாள். இருந்தது. இன்னொரு தடவை சோப்பைக் குழைத்துக் கழுவிவிட்டு முகர்ந்தாள். போகவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருப்பது போலக்கூடத் தோன்றியது.

குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கிற வார்டு அது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள், உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளைகள் குழாயும் ஒயருமாகப் படுத்திருப்பார்கள். ஒரு பிஸ்கட் துணுக்கைக்கூட யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது. யாரோ திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அங்கே நின்றிருந்த நர்ஸ்களின் சட்டைப்பைகளை ஒவ்வொன்றாக நோட்டம் விட்டாள். ஒன்றும் புடைத்திருக்கவில்லை.

அப்படி நோட்டம் விடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆஸ்பத்திரிக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவள். எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அடுத்தவர் கையைத்தான் பார்ப்பாள், முகம் அப்புறம்தான். அதனால் அவளுக்கு ‘சோப்பு சிஸ்டர்’ என்று பட்டப்பெயர். “சோப்பு வருது, சோப்பு வருது” என்று கிசுகிசுத்தபடி பெரிய பெரிய டாக்டர்களே குழாயடிக்கு ஓடுவார்கள். அவள் காதில் விழாதது போல நடப்பாள். உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் சில வாரங்களாக அந்த வார்டில் நடந்தது யாருக்கும் பிடிபடவில்லை. எடை ஏறி, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்த பிள்ளை திடீரென்று பாலை ஒதுக்கும். தோல் சாம்பல் பூத்துப்போகும். மூச்சுவிட மறந்து, யாராவது பாதத்தைச் சுண்டினால் ஞாபகம் வந்து மறுபடி இழுக்கும். ரத்தத்தை லேபுக்கு அனுப்பினால் ஒவ்வொரு முறையும் ஒரே கிருமி. மருந்தை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடுகிற கடைசி மருந்தையும் எடுத்துப் பார்த்தார்கள். எதற்கும் அது மசியவில்லை. இரண்டு பெட்டிகள் காலியாகிவிட்டன. மூன்றாவது பெட்டியருகே குழந்தை டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்க ஆரம்பித்திருந்தார்.

ஜன்னலோரப் பெட்டியில் இருந்தது அவளுடைய தங்கையின் மகள். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதுக்குப் படுத்த படுக்கையாகவே மாதங்களைத் தள்ளி, அப்படியும் அவசரப்பட்டு வந்து பிறந்த குட்டி. இன்னும் பேர்கூட வைக்கவில்லை. குட்டி என்றே கூப்பிட்டார்கள். அதற்கு இதுவரை ஒன்றுமில்லை. இதுவரை என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் சோப்பு சிஸ்டர் போய் மறுபடி ஒரு தடவை கை கழுவினாள்.

“நீ இருக்கிற வார்டு அக்கா. அதனாலதான் வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கமே வருது” என்று தங்கை ஒரு நாள் சொன்னாள். “நகத்தை ஒட்ட வெட்டு முதல்ல” என்றாள் அக்கா.

முதல் பெட்டி காலியானதுமே அவள் சட்டத்தை இறுக்கியிருந்தாள். ஒவ்வொரு பெட்டி பக்கத்திலும் கையில் தேய்த்துக்கொள்ள ஸ்பிரிட் பாட்டில் தொங்கும். ஒரு சொட்டைத் தடவிக்கொண்டு ஓடுகிற சோம்பேறித்தனத்துக்குத்தான் அது உதவுகிறது என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள். இனிமேல் சோப்பும் தண்ணீரும்தான். குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் கழுவு, தொட்ட பிறகு கழுவு, சந்தேகம் வந்தால் மறுபடி கழுவு. அதற்காகவே ஜன்னல் பக்கமாக, பெட்டிகளுக்கு நடுவிலேயே, பளபளவென்று ஆழமான எஃகுத் தொட்டி ஒன்று இருந்தது. குனிந்து கையை உள்ளே விட்டால் முழங்கை வரை கழுவலாம். ஒரு நாளில் எத்தனை பேர் எத்தனை தடவை அதற்கு முன்னால் குனிந்து எழுந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அப்படியும் இரண்டாவது பெட்டி காலியானது.

அதன் பிறகு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஆட்களைப் பார்க்கத் தொடங்கினாள். குழந்தை டாக்டர் விரலில் மோதிரம் போட்டிருந்தார். கழற்றச் சொன்னால் கழலவில்லை என்றார். கழலவில்லையா, கழற்ற மனசில்லையா? தலைமை நர்ஸ் அடிக்கடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். தரை துடைக்கிற அம்மா எந்த வாளியை எந்த அறையில் முக்கினாள் என்பதற்கு யார் சாட்சி? எல்லாரும் அவளைப் பார்த்தவுடன் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவேளை முன்பும் அப்படித்தான் நிறுத்தினார்களோ என்னவோ, இப்போது அந்த மௌனமே அவளுக்கு ஒப்புதல் வாக்குமூலம் போலக் கேட்டது. தங்கை குனிந்து பெட்டிக்குள் கையை நீட்டும்போதுகூட, அந்த விரல் நுனியில் ஏதாவது காயம் இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி பார்த்தாள்.

லேப்காரர் அவளைக் கூப்பிட்டனுப்பியது அந்தச் சமயத்தில்தான். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், வெயிலே எட்டாத அறையில் உட்கார்ந்திருக்கிற மனிதர். கிருமிகளைப் பற்றி வீட்டில் வளர்க்கிற பூனையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. ஒரு வட்டத் தட்டை மேசையில் வைத்து விளக்கைத் திருப்பினார்.

மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளைத் தட்டில் ஒட்டி வைத்து, கிருமியை வளர விடுவார்கள். மருந்துக்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறும் இடம் விழும். கிருமி கிட்டே வராது. இந்தத் தட்டில் வட்டமே இல்லை. எல்லா வில்லைகளையும் பச்சை கலந்த வழவழப்பு ஒன்று நெருங்கி, அணைத்து, மேலேயும் ஏறியிருந்தது. ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் அது வித்தியாசமாக இருந்தது. மற்ற இடத்தில் படலமாகப் படர்ந்தது அங்கே தடித்து மேடு கட்டியிருந்தது.

“இது என்ன சார்?”

“அதான் எனக்கும் புரியல. மருந்துக்குப் பயப்படாததை நிறைய பார்த்திருக்கேன் சிஸ்டர். மருந்தைத் தேடி வந்து கூடுறதை இப்பதான் பார்க்கறேன்.”

“எந்த மருந்து அது?”

“உங்க வார்டுல பொழுது விடிஞ்சா பொழுது போனா போடுவீங்களே, அதேதான்.” அவர் தட்டின் மூடியைக் கொஞ்சம் தூக்கினார். “வாசனை பாருங்க. ஆளை ஏமாத்துற வாசனை.”

திராட்சை.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

யாரோ கையில் இருக்கிறது. யார் என்பதுதான் கேள்வி. அடுத்த நாள் காலை, யாரிடமும் மூச்சுவிடாமல், வார்டு வாசலில் பஞ்சுக்குச்சிகளோடு நின்றுகொண்டாள். வேலைக்கு வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் துடைத்துச் சீசாவில் போட்டாள்.

“என்ன சிஸ்டர், இன்னைக்கு யார் தலை உருளப்போகுது?” என்றார் குழந்தை டாக்டர், கையை நீட்டிக்கொண்டே.

“குற்றமில்லாதவங்களுக்கு என்ன பயம் டாக்டர்?”

அவர் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பையும் அவள் மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. ஒருவர் கையிலும் அது இல்லை. மோதிரக் கையிலும் இல்லை, தரை துடைக்கிற அம்மாவின் கையிலும் இல்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. விஷயம் கசிந்து எல்லாரும் உஷாராகியிருப்பார்கள். வாசலில் யார்தான் மாட்டுவார்கள்? அதனால் இந்த முறை வாசலில் நிற்காமல், மும்முரமாக வேலை நடக்கிற நேரத்தில் வார்டுக்குள் போய், பெட்டிக்குள் கையை விடப் போகிறவர்களை அப்படியே நிறுத்தி எடுத்தாள். முறை தவறக் கூடாதென்று தன் கையையும் துடைத்துச் சேர்த்துக்கொண்டாள்.

அந்த முடிவுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் வார்டில் விளக்கு எரிந்தது. கருவிகளின் டிக் டிக், ஈரக் காற்றில் அடைத்துக்கொண்ட ஜன்னல், வெதுவெதுப்பான பால், ரப்பர், அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாக அந்தப் பழ வாசனை. மற்ற யாரும் அதைச் சொல்லவில்லை. பழகிவிட்டதா, அல்லது தெரிந்தும் சொல்லவில்லையா என்று அவள் ஒவ்வொரு முகத்தையும் துருவிப் பார்த்தாள். கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை.

சாயங்காலம், தாய்மார்கள் வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால், அவள் தொட்டிக்கு முன்னால் நின்று சோப்பை அழுத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

“சிஸ்டர், தனியா இருக்கீங்களா?” லேப்காரர்.

“சொல்லுங்க சார். யாரு?”

“எல்லாரும்.”

“என்னது?”

“உள்ள எடுத்த எல்லார் கையிலயும் இருக்கு. வாசல்ல சுத்தமா இருந்த அதே கைதான். வாசலுக்கும் குழந்தைக்கும் நடுவுல எங்கயோ ஒட்டியிருக்கு.” அவர் தயங்கினார். “எதுலயும் இல்லாத அளவுக்கு ஒரு கையில வளர்ந்திருக்கு. அது உங்களோடது.”

அவள் கையைப் பார்த்தாள். நுரை விரலிடுக்கில் சின்னதாக வெடித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கும் குழந்தைக்கும் நடுவில் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. எல்லாரையும்விட அதிகமாக அதைச் செய்கிறவள் அவள்.

“கொஞ்சம் நகருங்க சிஸ்டர்” என்று ஒரு நர்ஸ் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையில் ஊசிக்குழல். இத்தனை சிறிய உடம்புக்கு மருந்து சொட்டுக் கணக்கில்தான் போகும். மீதி எப்போதும் நிறைய இருக்கும். அந்த மீதியைத் தொட்டிக்குள் பீய்ச்சினாள். இன்னொரு கையில் இருந்த கிண்ணத்திலிருந்து, குழந்தை குடித்தது போக மிச்சமிருந்த பாலையும் ஊற்றினாள்.

“என்ன பண்றே?”

“மிச்சம்தான் சிஸ்டர். எப்பவும் இங்கதானே ஊத்துவோம். கழிவுத் தொட்டி அந்தக் கோடியில இருக்கு, யார் அவ்வளவு தூரம் நடக்கிறது?”

அது உண்மைதான். அவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கையைப் பார்க்கிற கண்ணுக்கு, கை எதைக் கொட்டுகிறது என்பது படவே இல்லை. வேளா வேளைக்குப் பால். வேளா வேளைக்கு மருந்து. பிள்ளைகளுக்கு ஊட்டியதைவிட அதிகமாக இந்த ஓட்டைக்கு ஊட்டியிருக்கிறார்கள். பாலைக் குடித்து வளர்ந்தது. மருந்தைக் குடித்துப் பழகியது.

நர்ஸ் நகர்ந்ததும் அவள் போனின் விளக்கைப் போட்டுத் தொட்டிக்குள் குனிந்தாள். தண்ணீர் போகிற ஓட்டையின் வாய் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்குள்ளே, வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில், குழாயின் சுவர் வழவழவென்று மின்னியது. பச்சை. கூழ் போல. இப்போதுதான் ஊற்றிய பால் அதன் மேல் வெள்ளைக் கோடாக வழிந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, காணாமல் போனது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சாக்கடை குமுறுகிற சத்தமில்லை. நிதானமான, திருப்தியான, சப்பிக் குடிக்கிற சத்தம்.

குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் நேராக ஓட்டையின் வாயிலேயே போய் அடித்தது. அடித்த வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத தூறல் ஒன்று மேலே எழும்பியது. விளக்கு வெளிச்சத்தில் மட்டும் அது தெரிந்தது. தொட்டியின் விளிம்பில். காகிதத் துண்டுகளின் மேல். அவள் மணிக்கட்டில். குழாயை மூடினாள். ஓட்டைக்குள் அந்த மினுக்கம் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. மேலே வந்திருந்ததா? அல்லது அவள் கண்தான் ஏமாற்றியதா?

அவள் பின்வாங்கினாள்.

“இந்தக் குழாயை யாரும் தொடக் கூடாது. தாய்மாருங்க வந்தாலும் விடாதே. நீ இங்கயே நில்லு” என்று அந்த நர்ஸிடம் சொன்னாள்.

“அப்ப எதுல சிஸ்டர் கை கழுவுறது?”

குழாய் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. வார்டை விட்டு வெளியே வந்து, நடைவழியின் கோடி வரை ஓடி, ஆளைத் தேடிப் பிடித்து, ஜன்னலோரத் தொட்டிக்குப் போகிற தண்ணீரை இந்த நிமிஷமே நிறுத்தச் சொன்னாள்.

“வால்வு துரு பிடிச்சுக் கெடக்கும்மா. சாவி எடுத்துட்டு வந்து திருகிப் பார்க்கணும்” என்றார் அவர்.

“ஓடுங்கண்ணே, தயவு செஞ்சு!”

அவள் குரலைக் கேட்டு அவர் நிஜமாகவே ஓடினார். அவள் திரும்பி வந்தாள். கைகளை உடம்பில் படாமல், எதன் மேலும் படாமல், முன்னால் நீட்டிக்கொண்டே வந்தாள். நடைவழியில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

நடைவழியிலிருந்து வார்டைப் பார்க்க ஒரு பெரிய கண்ணாடி உண்டு. சொந்தக்காரர்கள் வெளியில் நின்றே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவதற்காக வைத்தது. தடித்த கண்ணாடி, அந்தப் பக்கம் கத்தினால் இந்தப் பக்கம் கேட்காது. அவள் அதைத் தாண்டும்போது உள்ளே பார்த்தாள்.

தொட்டிக்கு முன்னால் நர்ஸ் இல்லை. அந்தக் கோடியில் ஏதோ ஒரு கருவியின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எல்லாரும் அந்தப் பெட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். மூன்றாவது பெட்டி.

ஜன்னலோரத்தில் தங்கை.

தாய்மார்கள் வருகிற வழியாக வந்திருக்கிறாள். குட்டியை வெற்று மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தாயின் சூடு பட்டால் பிள்ளை தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை சுண்டுவிரலைப் பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனாள். அந்த விரல் ஈரமாக மின்னியது.

அவள் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

வேண்டாம். அவள் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். விரல்களை விரித்து ஆட்டினாள். கை. கை. தொடாதே.

தங்கை விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அக்காவின் கைகளைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சரி, சரி என்று தலையை ஆட்டினாள்.

எழுந்தாள்.

தொட்டியை நோக்கி நடந்தாள்.

“இல்லடி! இல்ல! அங்க போகாதே!”

கண்ணாடி அவள் மூச்சில் பனித்தது. துடைத்தாள். கதவு நடைவழியின் வளைவைச் சுற்றி அந்தப் பக்கம். ஓட வேண்டும். கண்ணை எடுத்தால் என்ன ஆகுமோ. அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளே யாரும் திரும்பவில்லை.

தங்கை குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் வந்தது.

ஆழமான தொட்டி. குனிந்தாள். மார்போடு கட்டியிருந்த குட்டியும் சேர்ந்து குனிந்தது. உள்ளங்கை. புறங்கை. விரலிடுக்கு. கட்டைவிரல். அக்கா சொல்லிக்கொடுத்தபடியே. ஒன்றையும் விடாமல். நிதானமாக.

தண்ணீர் கீழே இறங்குவது நின்றுபோயிருந்தது. தொட்டி மெல்ல நிறைந்தது. அதன் நடுவிலிருந்து மெல்லிய, பச்சையான, பாலாடை போன்ற ஒன்று பிரிந்து மேலே எழுந்து வந்தது. அவசரப்படாமல். தங்கையின் கண் அதில் இல்லை. அவள் முகத்தைத் திருப்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற அக்காவைப் பார்த்து, போதுமா என்பது போலச் சிரித்துக்கொண்டே கழுவினாள்.

குட்டி அசைந்தது. கண் திறக்காமலே கழுத்தைத் திருப்பி, தண்ணீர்ப் பக்கமாக முகத்தைக் கொண்டுபோய், பாலுக்குத் தேடுகிற பிள்ளை போல வாயைத் திறந்தது.